புண் காயக் கூடாது, ஈரமா இருக்கணும்! சமையலறை மேஜையில் உலகை மாற்றிய ஓட்டோ விக்டர்லே யார்?

அடிபட்டு தோல் உரிஞ்சா வீட்டுல முதல்ல வர்ற அறிவுரை என்ன? கட்டு போடாதே, காத்தாட விடு, காய்ஞ்சா தன்னால ஆறிடும். மேலே பக்கு கட்டிவிட்டால் புண் ஆறத் தொடங்கிவிட்டது என்று ஒரு நிம்மதி. காயம் என்றாலே காய வேண்டியது என்று நம் மொழியே சொல்லிக்கொடுத்துவிட்டதோ என்னவோ!

ஆனால், இன்று தீக்காயங்களுக்கும் ஆறாத கால் புண்களுக்கும் சிகிச்சை தரும் மருத்துவர்கள் பல நேரங்களில் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறார்கள். வறண்ட புண் மீது குளுகுளுவென்று ஒரு ஜெல்லைத் தடவுகிறார்கள். அல்லது கண்ணாடி மாதிரி ஈரமான ஒரு தாளை ஒட்டுகிறார்கள். அதன் பெயர் ஹைட்ரோஜெல். புண்ணைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை.

உடம்போடு ஒத்துப்போகணும் என்று திட்டம் போட்டு, செயற்கையாக ஒரு ஹைட்ரோஜெல்லை முதன்முதலில் உருவாக்கியவர் செக் நாட்டு வேதியியல் விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே. சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸைக் கண்டுபிடித்தவர் என்றுதான் உலகம் அவரை அறிந்திருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று கூகுள் முகப்பில் அவர் படம் வந்ததும் அதற்காகத்தான். ஆனால் லென்ஸ் அவருடைய கதையில் பாதிதான்.

பாட்டா கம்பெனியில் ஒரு பேராசிரியர்

விக்டர்லே பிறந்தது 1913 அக்டோபர் 27. ஊர் ப்ரோஸ்தியோவ். அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் இருந்தது, இப்போது செக் குடியரசில் இருக்கிறது. அப்பா வசதியானவர். விவசாய இயந்திரங்களும் கார்களும் தயாரித்த ஒரு கம்பெனியின் பங்குதாரர். மகன் குடும்பத் தொழிலுக்குப் போகாமல் ப்ராக் நகரில் வேதியியல் படித்தார். 1936-ல் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

மூன்றே வருடம்தான். 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை ப்ராக் நகருக்குள் நுழைந்தது. நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் நாஜிகள் இழுத்து மூடினார்கள். ஆராய்ச்சியாளர் கையில் ஆய்வகம் இல்லை.

அப்போது அவருக்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா? பாட்டா. நம்மூர் கடைத்தெருவில் செருப்பு, ஷூ விற்கிற அதே பாட்டாதான். அந்தக் கம்பெனி பிறந்தது ஸ்லீன் என்ற செக் ஊரில். அங்கே கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. விக்டர்லே அங்கே பிளாஸ்டிக் பக்கம் திரும்பினார். 1941-ல் அவருடைய குழு நைலான் வகையைச் சேர்ந்த ஒரு செயற்கை நூலைத் தயாரித்தது. அதற்கு வைத்த பெயர் சிலான். (இலங்கையின் பழைய பெயருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!)

1942-ல் நாஜிகளின் ரகசிய போலீஸான கெஸ்டபோ அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. சில மாதங்கள் கழித்து வெளியே வந்தார். போர் முடிந்ததும் ப்ராக் திரும்பி மறுபடி பாடம் நடத்தத் தொடங்கினார். 1952-ல் புதிதாகத் தொடங்கப்பட்ட வேதியியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் டீன் பொறுப்பும் வந்தது.

ரயிலில் கிளம்பிய கேள்வி

அதே 1952-ல் ஒரு ரயில் பயணம். பக்கத்தில் இருந்தவர் சுகாதார அமைச்சகத்தில் வேலை பார்த்த ஒரு மருத்துவர். அவர் கையில் கண் மருத்துவ இதழ். கண்ணுக்குள் பொருத்துவதற்கு டான்டலம் என்ற உலோகத்தைப் பயன்படுத்துவது பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். பேச்சு தொடங்கியது.

உடம்புக்குள் உலோகத்தை வைப்பது விக்டர்லேக்குச் சரியாகப் படவில்லை. கண்ணும் சரி, தோலும் சரி, தண்ணீர் நிறைந்த மென்மையான திசு. அதன் பக்கத்தில் கடினமான, தண்ணீரே ஏறாத ஒன்றை வைத்தால் உடம்பு அதை அந்நியனாகத்தான் பார்க்கும். அப்படியென்றால் உடம்பைப் போலவே தண்ணீரைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் செய்ய முடியாதா?

அந்தப் பொருளுக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று அவர் யோசித்த விதம்தான் முக்கியம். வேண்டிய அளவு தண்ணீரை ஏற்க வேண்டும். உடம்பில் நடக்கும் எந்த வேதி வினையிலும் அது கலந்துகொள்ளக் கூடாது. திசுக்களுக்குப் போய்வரும் சத்துகளும் கழிவுகளும் அதன் வழியாகப் புகுந்து செல்ல வேண்டும். இன்றைக்கு ஒரு காயத்துக்குக் கட்டு வடிவமைப்பவர்களிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான் வரும்.

சப்ஜா விதையில் இருக்கிற ரகசியம்

ஹைட்ரோஜெல் என்றால் என்ன? தண்ணீரில் ஊறிய சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பு விதையைச் சுற்றி கண்ணாடி மாதிரி ஒரு வழுவழுப்பு ஊதி நிற்கும். தண்ணீரை இழுத்து வைத்திருக்கும், ஆனா தண்ணீரில் கரைந்து போகாது. கடல்பாசி காய்ச்சி ஆறவைத்தால் வருகிற ஜெல்லியும் இதே சாதிதான்.

உள்ளே நடப்பது இதுதான். நீளநீளமான சங்கிலி மூலக்கூறுகள். அவற்றில் தண்ணீரை விரும்பிப் பிடித்துக்கொள்ளும் பகுதிகள். சங்கிலிகளுக்கு நடுவே மீன் வலை மாதிரி அங்கங்கே முடிச்சு. முடிச்சே இல்லையென்றால் எல்லாம் கரைந்து கஞ்சியாகிவிடும். முடிச்சு கூடிப்போனால் தண்ணீர் நுழைய இடம் இல்லாமல் இறுகிவிடும். எத்தனை முடிச்சு என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

விக்டர்லேயும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் டிராஹோஸ்லாவ் லீமும் அந்த அளவைப் பிடித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருளைச் சுருக்கமாக ஹெமா என்பார்கள். முழுப்பெயர் ஹைட்ராக்ஸி எத்தில் மெதாக்ரிலேட். அதிலிருந்து செய்த வலை சுமார் 40 சதவீதம் வரை தண்ணீரை ஏற்றது. ஊறியதும் மெத்தென்று ஆகும், கிழியாது, ஒளி ஊடுருவும். 1953-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1960-ல் நேச்சர் இதழில் அவர்களுடைய இரண்டு பக்கக் கட்டுரை வந்தது. அதன் தலைப்பே உயிரியல் பயன்பாட்டுக்கான ஜெல்களைப் பற்றியது, கண்ணை மட்டும் குறிப்பிடவில்லை. மருத்துவத்துக்கான ஹைட்ரோஜெல் துறை முழுவதும் தன் தொடக்கமாகக் காட்டுவது அந்த இரண்டு பக்கத்தைத்தான்.

கிறிஸ்துமஸ், சைக்கிள் டைனமோ, நான்கு லென்ஸ்

பொருள் கையில் வந்துவிட்டது. அரசியல் விடவில்லை. 1948 முதல் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1958-ல் அரசியல் களையெடுப்பு என்ற பெயரில் விக்டர்லேயைக் கல்வி நிறுவனத்திலிருந்து வெளியேற்றினார்கள். அங்கே நடந்த ஜெல் ஆராய்ச்சியும் நின்றது.

இதில் ஒரு விசித்திரம். அதற்கு முந்தைய வருடம்தான் பாலிமர் வேதியியல் பற்றிய ஒரு சர்வதேச மாநாடு ப்ராக் நகரில் நடந்து, நாட்டுக்குத் தனியாக ஒரு பாலிமர் ஆராய்ச்சி மையம் தேவை என்று ஆட்சியாளர்களுக்கே புரிந்திருந்தது. அதைக் கட்டி எழுப்ப ஆள் வேண்டுமே! ஒரு கதவு வழியாகத் துரத்தியவரை இன்னொரு கதவு வழியாகக் கூப்பிட்டு, செக்கோஸ்லோவாக் அறிவியல் அகாடமியின் புதிய பேரணு வேதியியல் நிறுவனத்துக்கு இயக்குநர் ஆக்கினார்கள். பேரணு என்பது வேறொன்றுமில்லை, பாலிமர் போன்ற ராட்சத மூலக்கூறுகள்தான்.

கட்டடம் இன்னும் முடியவில்லை. லென்ஸ் ஆராய்ச்சிக்கு அரசு ஆதரவும் இல்லை. அச்சில் ஊற்றி ஏற்கெனவே செய்து பார்த்த சுமார் 100 லென்ஸ்களின் ஓரங்கள் பிய்ந்து சொரசொரப்பாக இருந்தன. கண்ணில் வைத்தால் உறுத்தும். வேறு வழி வேண்டும்.

டீ கிளாஸில் ஸ்பூனை விட்டு வேகமாகக் கலக்கிப் பாருங்கள். நடுவில் குழி விழும், ஓரம் மேலே ஏறும். சுழலும் திரவம் தானாகவே லென்ஸ் வளைவை எடுத்துக்கொள்கிறது. அந்த நிலையிலேயே அது ஜெல்லாக உறைந்துவிட்டால்? அச்சு வேண்டியது அடிப்பக்கத்துக்கு மட்டும். மேல் பக்கமும் ஓரமும் வழவழப்பாகத் தானே அமைந்துவிடும்.

1961 கிறிஸ்துமஸ். வீட்டுச் சமையலறை மேஜை. துளை போட்ட தகடும் நட்டு, போல்ட்டும் வைத்துப் பூட்டி விளையாடும் மெர்க்குர் என்ற பொம்மை செட். மகனின் சைக்கிளிலிருந்து கழற்றிய டைனமோ. அழைப்பு மணிக்கான டிரான்ஸ்ஃபார்மர். கண்ணாடிக் குழாய்களையும் அச்சுகளையும் அவரே செய்துகொண்டார். கூடமாட உதவியது மனைவி லிண்டா. அன்று நான்கு லென்ஸ் வந்தது. முதலில் தன் கண்ணிலேயே போட்டுப் பார்த்தார். பவர் சரியில்லை, ஆனா உறுத்தல் இல்லை!

சில நாட்களிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. இயந்திரம் வளர்ந்தது. டைனமோ போய் கிராமஃபோன் மோட்டார் வந்தது. 1962-ன் முதல் நான்கு மாதத்தில் கணவனும் மனைவியும் வீட்டிலேயே 5,500 லென்ஸ் செய்துவிட்டார்கள். இது குடிசைத் தொழில் இல்லாமல் வேறென்ன!

அதே 1962-ல் லண்டனில்

செக் நாட்டில் இது நடந்துகொண்டிருந்தபோது, இதோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய மேலோட்டமான காயங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பன்றியின் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது, அதான் பன்றி. சில காயங்களைக் காற்றில் காயவிட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடி ஈரமாக வைத்தார். ஈரமான காயங்களில் புதிய மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. இந்த முடிவும் 1962-ல் நேச்சர் இதழில்தான் வந்தது.

ஏன் அப்படி? காயத்தின் ஓரத்தில் இருக்கும் தோல் செல்கள் நகர்ந்து வந்துதான் நடுவில் உள்ள பள்ளத்தை மூட வேண்டும். காய்ந்த பக்கு அவற்றுக்கு ஒரு தடுப்புச் சுவர். செல்கள் அதற்கு அடியில், ஈரம் இருக்கிற ஆழம் வரை தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பு கிடைத்தால் நேராக வழுக்கிக்கொண்டு போய்விடும். பக்கு கட்டுவது ஆறுவதன் அடையாளம் என்று நாம் நினைத்தது பாதி உண்மைதான்.

விண்டர் கேட்டது புண்ணை ஈரமாக வைத்திருக்கும் ஒரு மூடி. விக்டர்லே செய்தது ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரு பொருள். இரண்டும் ஒன்றுசேர இன்னும் சில வருடங்கள் ஆனது.

லாபம் யாருக்கு?

1965-ல் ஒரு அமெரிக்க நிறுவனம் காப்புரிமையின் அமெரிக்க உரிமையை வாங்கியது. அடுத்த வருடம் பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனிக்கு உரிமம் கைமாறியது. 1971-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்ததும் சாஃப்ட் லென்ஸ் கடைக்கு வந்தது. அதன்பிறகு கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் ஏறியது. சோஷலிச நாட்டில் கண்டுபிடிப்பு அரசுக்குச் சொந்தம், பேரம் பேசியதும் அரசுத் தரப்புதான். விக்டர்லே கைக்கு வந்தது சொற்பம்.

பணத்தைவிடப் பெரிய அடி வேறு. 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் சுதந்திரக் காற்று அடித்த ப்ராக் வசந்தம் காலம். சீர்திருத்தம் தொடர வேண்டும் என்று கோரிய இரண்டாயிரம் வார்த்தைகள் என்ற அறிக்கையில் விக்டர்லே கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் வந்தன. கையெழுத்துப் போட்டவர்கள் ஒவ்வொருவராகப் பதவி இழந்தார்கள். 1970-ல் விக்டர்லேயை, அவரே உருவாக்கிய நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள்.

அவருடைய லென்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வர அப்போது ஒரு வருடம்தான் இருந்தது. நாஜிகள் ஒரு தடவை, கம்யூனிஸ்ட்டுகள் இரண்டு தடவை என்று மொத்தம் மூன்று தடவை வேலையிடம் பறிபோனது. அவர் நாட்டை விட்டுப் போகவில்லை.

கண்ணிலிருந்து புண்ணுக்கு

1970-களில் அமெரிக்காவில் ஹெமா பாலிமரைத் தூளாக்கி, தீக்காயத்தின் மேல் தூவி, ஒரு திரவத்தைத் தெளித்து, காயத்தின் மேலேயே ஒரு படலமாக உருவாக்கிப் பார்த்தார்கள். அது பெரிய அளவில் நிலைக்கவில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. ஹெமாவுக்குப் பதிலாக இன்னும் அதிகத் தண்ணீர் ஏற்கும் பாலிமர்களை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போனார்கள். இன்று மருந்துக்கடையில் ட்யூபில் கிடைக்கும் ஜெல்களில் பெரும்பாலானவை விக்டர்லேயின் அதே பொருள் கிடையாது. தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் வலை என்ற யோசனை மட்டும் அதேதான்.

1980-களில் போலந்தின் வூச் நகரில் யானுஷ் ரோஷியாக் என்ற விஞ்ஞானி ஒரு அழகான குறுக்குவழியைக் கண்டுபிடித்தார். பாலிமரையும் கடல்பாசி சத்தையும் தண்ணீரில் கரைத்து, தட்டில் ஊற்றி, பாக்கெட்டில் அடைத்து, கதிர்வீச்சு கொடுப்பது. கதிர் படும்போதே சங்கிலிகளுக்கு இடையே முடிச்சு விழுகிறது, கிருமிகளும் செத்துவிடுகின்றன. ஒரே வேலையில் இரண்டு காரியம்! இதே கதிர்வீச்சு முறையில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் தீக்காயம், ஆறாத புண்களுக்கான ஹைட்ரோஜெல் தாளை உருவாக்கி, தொழில்நுட்பத்தைத் தனியாருக்குக் கொடுத்திருக்கிறது.

புண்ணில் ஹைட்ரோஜெல் என்ன செய்யும்? வறண்ட புண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கும். அழுகி ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த திசு அதனால் இளகும். பிறகு உடம்பின் சொந்த நொதிகளே அதைக் கரைத்து அகற்றும், கத்தி வைத்துச் சுரண்டும் தேவை குறையும். ஜெல்லின் குளிர்ச்சி எரிச்சலைத் தணிக்கும். எல்லாவற்றையும்விட, கட்டு மாற்றும்போது ஒட்டாது. காய்ந்த துணிக் கட்டைப் பிரிக்கும் வலி பட்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த வலி மட்டுமில்லை, அன்றுவரை வளர்ந்த புதிய தோலும் துணியோடு பிய்ந்து வந்துவிடும். தாள் வடிவ ஜெல்லில் இன்னொரு வசதி, பிரிக்காமலேயே உள்ளே பார்க்கலாம்.

எல்லாப் புண்ணுக்கும் இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நீர் அதிகமாக வடியும் புண்ணுக்கு ஹைட்ரோஜெல் ஒத்துவராது. ஏற்கெனவே ஈரம் அதிகம், அதில் இன்னும் ஈரம் சேர்த்தால் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப்போகும். ரொம்ப நேரம் துணி துவைத்த கைவிரல் மாதிரி. அந்தத் தோல் சுலபத்தில் பிய்ந்து புண் பெரிதாகும். அப்படிப்பட்ட புண்ணுக்கு நீரை உறிஞ்சும் வேறு வகைக் கட்டுகள் இருக்கின்றன.

சீழ் பிடித்த புண், ஆழமான புண், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வந்த புண் இவற்றில் எதுவாக இருந்தாலும் கடையில் ஜெல் வாங்கி நாமே தடவிக்கொள்ளும் விஷயம் இல்லை. குறிப்பாக, காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து கறுத்துக் காய்ந்துபோன விரலை ஈரமாக்குவது ஆபத்து. டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்யணும். புதிதாகச் சுட்டுக்கொண்டால் முதல் மருந்து ஓடும் குழாய்த் தண்ணீர், 20 நிமிடம். டூத்பேஸ்ட், இங்க் எல்லாம் வேண்டாம்.

மறுபடி வந்த மரியாதை

1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி ரத்தம் சிந்தாமல் விழுந்தது. 1990-ல் 76 வயது விக்டர்லே செக்கோஸ்லோவாக் அறிவியல் அகாடமியின் தலைவர் ஆனார். 1993 தொடக்கத்தில் நாடு செக், ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தபோது, புதிய செக் அகாடமி அவரைக் கௌரவத் தலைவராக வைத்துக்கொண்டது. ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது, 3899 விக்டர்லே. அவர் பெயரில் சுமார் 180 காப்புரிமைகள் இருக்கின்றன. நைலான் நூலில் தொடங்கி லென்ஸ் வரை.

1998 ஆகஸ்ட் 18 அன்று மொராவியாவில் ஸ்ட்ராஷிஸ்கோ என்ற சிற்றூரில், 84 வயதில் அவர் காலமானார்.

அவரை இறக்கிவிட்ட அதே பேரணு வேதியியல் நிறுவனம் ப்ராக் நகரின் பெட்ரினி பகுதியில் இன்றும் இயங்குகிறது. செக் மருந்துக்கடைகளில் ஹெமாஜெல் என்ற பெயரில் புண்ணுக்கான ஒரு ஜெல் கிடைக்கிறது. காயத்தில் உருவாகி, ஆறுவதைத் தாமதப்படுத்தும் தீவிர மூலக்கூறுகளைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் ஒரு பகுதியை அதன் சங்கிலியிலேயே கோர்த்திருக்கிறார்கள். அது உருவானது அந்த நிறுவனத்தின் ஆய்வகத்தில். அதன் அடிப்படைப் பொருள், 1953-ல் விக்டர்லேயும் லீமும் காப்புரிமை கேட்ட அதே ஹெமா.